ஸ்டார்க்வில் மாட்டு மணி: செய்வது, ஆட்டுவது, நிறுத்துவது

அமெரிக்காவில் மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்துக்கு வெறுங்கையோடு போகிறவர்கள் குறைவு. ஸ்டார்க்வில் ஊரின் டேவிஸ் வேட் ஸ்டேடியத்தில் சுமார் 60,000 பேர் உட்காரலாம். வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் கையில் ஒரு மாட்டு மணி இருக்கும். மாட்டின் கழுத்தில் தொங்கும் அதே தகர மணிதான். தலையில் ஒரு நீளமான கைப்பிடியை வெல்டிங் செய்து வைத்திருப்பார்கள். அந்த மணியை எப்படித் தேர்ந்தெடுப்பது, கைப்பிடி எப்படிப் போடுவது, எப்படி ஆட்டுவது, முக்கியமாக எப்போது வாயைப் பொத்துவது என்பதெல்லாம் கீழே இருக்கிறது.

வழக்கம் எப்படி வந்தது என்பதற்கு ஊரில் சொல்லும் கதை ஒன்று உண்டு. பரம எதிரியான ஓல் மிஸ் (மிசிசிப்பி பல்கலைக்கழகம்) அணியோடு நடந்த ஓர் ஆட்டத்தின் நடுவே ஜெர்சி மாடு ஒன்று மைதானத்துக்குள் புகுந்ததாம். அன்று மிசிசிப்பி ஸ்டேட் அணி ஜெயித்ததாம். அதிலிருந்து மாடு ராசியாகிவிட்டதாம். மாட்டைக் கூட்டிக்கொண்டு அலைவதைவிட மணியை எடுத்துப் போவது சுலபம் அல்லவா! கதை எப்படியோ, 1930-களின் கடைசியிலும் 1940-களின் தொடக்கத்திலும் மணிகள் மெல்ல மெல்லக் கேலரிக்குள் வந்துவிட்டன. கைப்பிடி வந்தது அதற்குப் பிறகு. 1960-களின் தொடக்கத்தில் ஏர்ல் டெரல், ரால்ஃப் ரீவ்ஸ் என்ற இரண்டு பேராசிரியர்கள் மாணவர்களுக்காக மணியில் கைப்பிடியை வெல்டிங் செய்து கொடுத்தார்கள். கேட்கிறவர்கள் பெருகியதால் 1963-ல் மாணவர் சங்கமே மணிகளை மொத்தமாக வாங்கியது. தொழிற்கல்வி மாணவர் மன்றம் கைப்பிடி போட்டது. 1964-ல் பல்கலைக்கழகப் புத்தகக் கடையிலேயே விற்பனைக்கு வந்துவிட்டது.

எந்த மணி

கடையில் குரோம் பூசி, அணியின் சின்னமான புல்டாக் நாயின் பொம்மையையே பிடியாக வைத்த கனமான மணி பளபளக்கும். அது அலமாரிக்கு அழகு. சத்தத்துக்கு மெல்லிய தகட்டில் மடித்து, இரண்டு பக்க இணைப்பும் இறுக்கமாக ஒட்டப்பட்ட சாதாரண மணியே மேல். தகடு தடித்தால் அதிர நிறைய அடி வேண்டும். அந்த அடியை உங்கள் மணிக்கட்டுதான் கொடுக்க வேண்டும். தகடு மெல்லியதாக இருந்தால் சிறிய உதறலுக்கே கணீர் என்று பேசும்.

வாங்கும்போது செய்ய வேண்டிய சோதனை ஒன்றுதான். தலையில் உள்ள வளையத்தை இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிட்டு, பேனாவின் பின்பக்கத்தால் விளிம்பில் ஒரு தட்டு தட்டுங்கள். சத்தம் சுத்தமாக வந்து தேய்ந்து மறைந்தால் நல்ல மணி. கூடவே 'ஜிர்ர்' என்று ஓர் இரைச்சல் கேட்டால் பக்க இணைப்பு எங்கோ விட்டிருக்கிறது, தகடும் தகடும் உரசுகின்றன. அந்த மணியை எப்படி ஆட்டினாலும் ஓட்டைத் தகர டப்பா போலத்தான் கேட்கும். 'டொக்' என்று செத்த ஒலி வந்தால் தகடு தடிமன், இல்லாவிட்டால் பெயின்ட் தடிமன்.

உயரம் 3 முதல் 5 அங்குலம் போதும். அதற்கு மேல் போனால் மூன்றரை மணி நேரம் தூக்கிப் பிடிக்க முடியாது. ஆட்டத்தின் முதல் கால் பகுதியில் தெரியாது. நான்காம் கால் பகுதியில் தெரியும்.

இன்னொன்று. மணியைத் தனக்குத் தானே வாங்கிக்கொள்ளக் கூடாது, யாராவது கொடுக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் ஸ்டேட் ரசிகர்களில் நிறைய. அதை மதிக்கிறவர் என்றால் நண்பரும் நீங்களும் ஆளுக்கொரு மணி செய்து மாற்றிக்கொள்ளுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

கைப்பிடி

பழைய பாணிக் கைப்பிடி என்றால் ஓர் இரும்புக் குழாய், அதன் மேல் சைக்கிள் ஹேண்டில்பாரின் ரப்பர் கிரிப். பெரும்பாலும் குழாய் வாங்குவதிலேயே தப்பு நடந்துவிடுகிறது. சைக்கிள் கிரிப்பின் உள்விட்டம் 22.2 மி.மீ., அதாவது 7/8 அங்குலம். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மின்வயர் குழாயை எடுத்தால், அரை அங்குலம் என்று விற்பதன் வெளிவிட்டம் சுமார் 17.9 மி.மீ., முக்கால் அங்குலம் என்று விற்பதோ 23.4 மி.மீ. முதலாவதில் கிரிப் கழன்று பறக்கும். இரண்டாவதில் ஏறவே ஏறாது. ஆகவே வெளிவிட்டம் சரியாக 7/8 அங்குலம் உள்ள இரும்புக் குழாயைக் கேட்டு வாங்குங்கள். அதைவிடச் சுலபம், பழைய இரும்பு சைக்கிள் ஹேண்டில்பாரின் நுனியில் ஒரு துண்டு அறுத்துக்கொள்வது. மின்வயர் குழாயைத் தவிர்க்க இன்னொரு காரணமும் உண்டு: அதில் துத்தநாகம் பூசியிருக்கும். வெல்டிங் சூட்டில் அது புகையாகும். அந்தப் புகையைச் சுவாசித்தால் அன்றிரவே காய்ச்சல் நடுக்கம் வரும்.

நீளம் 7 முதல் 8 அங்குலம். கிரிப் ஏறக்குறைய 5 அங்குலம் எடுத்துக்கொள்ளும். மீதி 2 அல்லது 3 அங்குலம் கிரிப்புக்கும் மணிக்கும் நடுவே வெறும் குழாயாக இருக்கட்டும். அந்த இடைவெளி இல்லையென்றால் ஒவ்வோர் உதறலுக்கும் விரல் முட்டி மணியின் தலையில் இடிக்கும்.

இனி வெல்டிங். மணியின் தலையில் உள்ள வளையம் வழியில் நிற்கிறதே என்று கிரைண்டரால் சீவிவிடத் தோன்றும். சீவாதீர்கள். பல மணிகளில் வெளியே வளையத்தைப் பிடித்திருக்கும் அதே ரிவெட்தான் உள்ளே நாக்கைத் தொங்கவிட்டிருக்கும் கொக்கியையும் பிடித்திருக்கிறது. வளையத்தைச் சீவினால் நாக்கு உள்ளே பொத்தென்று விழும். அதற்குப் பதில் குழாயின் ஒரு முனையில் வளையத்தின் அகலத்துக்கு நேராக இரண்டு பக்கமும் வெட்டு போடுங்கள். குழாய் வளையத்தின் மேல் கவட்டையாக ஏறி, அடிப்பகுதி மணியின் தலையில் உட்கார வேண்டும். கையால் பிடித்து ஆட்டிப் பார்த்து, நேராக நிற்கும் வரை அரத்தால் சரிசெய்துகொள்ளுங்கள்.

வெல்டிங் படும் இடத்தைச் சுற்றி அரை அங்குலத்துக்குப் பூச்சு முழுவதையும் உரித்து வெள்ளை இரும்பு தெரிய வையுங்கள். செம்புப் பூச்சு இருந்தால் கொஞ்சமும் விடாதீர்கள். செம்பு உருகி இரும்பு வெல்டிங்குக்குள் கலந்தால் ஆறும்போதே மயிரிழை விரிசல் விழும். குரோம் பூசிய மணியை வெல்டிங் பக்கமே கொண்டுபோகாதீர்கள், அதன் புகை நஞ்சு. அதற்கு போல்ட் முறை இருக்கிறது, பின்னால் வருகிறது.

மணித் தகடு ஏறக்குறைய 1 மி.மீ. தடிமன்தான். மிக் (MIG) வெல்டிங் என்றால் 0.6 மி.மீ. கம்பி, குறைந்த கரன்ட். பற்றவைப்பைக் குழாய்மேல் தொடங்கி, உருகிய இரும்பைத் தகட்டுக்கு இழுத்து வாருங்கள். தகட்டின் மேல் தொடங்கினால் ஓட்டை நிச்சயம். ஒரே ஓட்டமாகச் சுற்றி வரக் கூடாது. எதிரெதிராக நான்கு புள்ளி வைத்து, கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, அப்புறம் இடைவெளிகளைச் சிறுசிறு துண்டாக நிரப்புங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்ற வேண்டாம். அவசரப்பட்டு மொத்தமாகச் சூடேற்றினால் நடப்பது இதுதான்: பக்க இணைப்புகளைச் செம்பு பிரேஸிங்கால் ஒட்டியிருக்கும் மணியில் அந்தச் செம்பே இளகிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆட்டினால் அந்த 'ஜிர்ர்' இரைச்சல் வந்துவிடும். நல்ல மணி ஒன்றைக் கெடுக்க இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

வெல்டிங் வசதி இல்லாதவர்களுக்கும் குரோம் மணிக்காரர்களுக்கும் கண் போல்ட் (ஒரு முனையில் வளையம் உள்ள போல்ட்) முறை. உள்கொக்கியைக் கழற்றிவிட்டு, தலையின் நடுவில் கால் அங்குலத் துளை போடுங்கள். கால் அங்குலக் கண் போல்ட்டை உள்ளிருந்து வெளியே நுழையுங்கள். கண் உள்ளே இருக்கும், நாக்கு அதில் தொங்கும். மரை வெளியே நீட்டும். உள்ளே ஒரு வாஷர், வெளியே ஒரு வாஷர், ஒரு நட். அந்த நட்டுக்கு மேல், நடுவில் மரை வெட்டிய உருண்டை மரப் பிடியைத் திருகி ஏற்றுங்கள். நட்டிலும் பிடியிலும் மரை கழலாமல் பிடிக்கும் பசை கட்டாயம் வேண்டும். மணி என்பது வேலையே அதிர்வதுதான். சும்மா இறுக்கிய நட் இரண்டாம் கால் பகுதிக்குள் கழன்றுவிடும். இந்த முறையில் சத்தம் கொஞ்சம் குறையும், ஏனென்றால் வாஷர்கள் தகட்டை அழுத்துகின்றன. ஆகவே வாஷர் சிறியதாக இருக்கட்டும்.

கிரிப் ஏற்றுவதற்கு உள்ளே சோப்புத் தண்ணீரோ எண்ணெயோ விடாதீர்கள். அது காய நாளாகும், அதுவரை வழுக்கும். தலைமுடிக்கு அடிக்கும் ஹேர் ஸ்பிரேயைக் குழாயில் அடித்து ஈரம் காய்வதற்குள் ஒரே தள்ளாகத் தள்ளுங்கள். காய்ந்தால் அதுவே பசை. ஓர் இரவு விட்டுவிட்டு, முழு பலத்தோடு முறுக்கிப் பாருங்கள். நகர்ந்தால் திரும்பச் செய்யுங்கள். குழாயின் நுனியில் ஒரு துளை போட்டு மணிக்கட்டுக்குக் கயிறு கட்டுவது நல்லது. டச்டவுன் புள்ளி விழுந்த மகிழ்ச்சியில் கைநழுவும் மணி நான்கு வரிசை தள்ளி யாரோ ஒருவர் மண்டையில்தான் இறங்கும்.

நாக்கு

சத்தத்தின் பாதி நாக்கில் இருக்கிறது, ஆனால் யாரும் கவனிப்பதில்லை. மணியைத் தொங்கவிட்டுப் பக்கவாட்டில் நகர்த்தினால், நாக்கின் குண்டு விளிம்புக்குச் சுமார் அரை அங்குலம் மேலே போய்த் தட்ட வேண்டும். அங்கேதான் தகடு அதிகம் அசையும். கம்பி குட்டையாக இருந்தால் குண்டு இடுப்பில் தட்டும், ஒலி மந்தம். நீளமாக இருந்தால் குண்டு வெளியே தொங்கும், கம்பிதான் விளிம்பில் படும், 'சளக் சளக்' என்று கேட்கும். இரண்டுக்கும் மருந்து 3 மி.மீ. கம்பியில் நீங்களே ஒரு புதுக் கொக்கி வளைப்பதுதான்.

மாட்டு மணியின் வாய் நீள்வட்டம் என்பதால் அகலமான முகங்கள் இரண்டு இருக்கின்றன. நாக்கு அந்த முகங்களில் தட்ட வேண்டும். ஒடுக்கமான பக்கங்களில் அல்ல. அகல முகங்களுக்கு இடையே தூரமும் குறைவு, அதனால் வேகமாக அடிக்கலாம்.

பெயின்ட் அடிக்கலாம், பல்கலைக்கழகத்தின் நிறங்கள் மரூனும் வெள்ளையும். வெளிப்பக்கம் மட்டும், ஸ்பிரேயில் மெல்லிய இரண்டு பூச்சு. உள்ளேயும் நாக்கிலும் வேண்டாம். ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்கள் தலைப்பக்கம் ஒட்டுங்கள். விளிம்பை ஒட்டி ஒரு பெரிய ஸ்டிக்கர் இருந்தால் துணி கட்டி ஆட்டுவதற்குச் சமம்.

ஆட்டுவது

மணி மேலே, கைப்பிடி கீழே. தலை உயரத்துக்குத் தூக்கி, வாய் சாய்வாக மேல்நோக்கி, அகல முகங்கள் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக வரும்படி பிடியுங்கள். முழங்கையை விலாவுக்கு அருகே வைத்து மணிக்கட்டை மட்டும் மேலும் கீழும் உதறுங்கள். தோளிலிருந்து வீசுகிறவர்களைப் பார்த்தாலே புதுசு என்று தெரியும். அவர்கள் பத்து நிமிடத்தில் கை மாற்றுவார்கள், பக்கத்தில் நிற்பவர் காதோரம் அடி வாங்குவார். பிடியை இறுக்கிப் பிடிக்க வேண்டாம். இறுக்கினால் முன்கை சீக்கிரம் மரத்துவிடும். கிரிப்பின் கடைசி மூன்றில் ஒரு பங்கில் பிடித்தால் சிறிய உதறலே மணியில் பெரிய அசைவாகிறது. நீளக் கைப்பிடி போட்டதன் காரணமே அதுதான்.

சீக்கிரம் ஆட்டினால் சத்தம் கூடும் என்று நினைப்பது தவறு. நாக்கு ஒரு முகத்தில் தட்டி எதிர்முகம் போய்ச் சேர நேரம் கொடுக்க வேண்டும். அதற்கு முன்பே திருப்பினால் நாக்கு நடுவில் தத்தளிக்கும், சத்தம் குறையும். ஒவ்வொரு மணிக்கும் ஒரு வேகம் உண்டு. இரண்டு நிமிடம் ஆட்டினால் கைக்குத் தெரிந்துவிடும்.

நிறுத்துவது

மணி செய்யவும் ஆட்டவும் யாருக்கும் கற்றுக்கொடுத்துவிடலாம். நேரத்தில் நிறுத்துகிறவரே நல்ல ரசிகர். இதில் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1974-ல் மிசிசிப்பி ஸ்டேட் விளையாடும் கல்லூரி அணிகளின் கூட்டமைப்பான சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் (SEC) அணிகள் செயற்கைச் சத்தக் கருவிகளை 9-க்கு 1 என்ற வாக்கில் தடைசெய்தன. மணிகள் அப்போதும் நிற்கவில்லை. கோட்டுக்குள் மறைந்து உள்ளே வந்தன. 2010-ல்தான் ஒரு சமரசம் ஏற்பட்டது: மணி கொண்டுவரலாம், ஆனால் குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் அடிக்க வேண்டும், மீறினால் பல்கலைக்கழகத்துக்கு அபராதம். அபராதம் மணி அடிக்கிறவருக்கு இல்லை, பல்கலைக்கழகத்துக்கு. ஆகவே ஒருவர் செய்யும் தப்புக்கு எல்லோரும் கட்ட வேண்டியிருக்கிறது.

அந்தச் சமரசத்தின்படி ஆட்டம் தொடங்கும் முன், இடைவேளையில், டைம் அவுட்டில், ஸ்டேட் அணி புள்ளி எடுத்ததும் அடிக்கலாம். ஆஃபென்ஸ் அணியின், அதாவது பந்து வைத்திருக்கும் அணியின், சென்டர் (பந்தைப் பின்னால் கொடுத்து ஒவ்வொரு முயற்சியையும் தொடங்கும் வீரர்) பந்தின் மேல் குனிந்த நொடியிலிருந்து அந்த முயற்சி முடிந்ததென்று ஆட்ட நடுவர் விசில் ஊதும் வரை மணி வாய் திறக்கக் கூடாது. நுணுக்கங்கள் மாறக்கூடும், சீசன் தொடக்கத்தில் பல்கலைக்கழகம் வெளியிடும் விதியை ஒருமுறை படித்துவிடுங்கள், ஸ்டேடியத்துத் திரையில் வரும் அறிவிப்பை மறுக்காமல் கேளுங்கள்.

நடைமுறையில் இதற்கு ஒரே பழக்கம் போதும்: கண் குவார்ட்டர்பேக் (சென்டரிடம் பந்து வாங்கி ஆட்டத்தை நடத்தும் வீரர்) மேல் இல்லாமல் சென்டர் மேல் இருக்க வேண்டும். கூடிப் பேசாமல் ஓடிவந்து வரிசையில் நிற்கும் அணிகள் இப்போது அதிகம். ஒரு முயற்சி முடிந்து அடுத்தது தொடங்க நொடிகள்தான் இருக்கும். குவார்ட்டர்பேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தால் சென்டர் எப்போதோ குனிந்திருப்பார். நிறுத்தும் முறையும் முக்கியம். ஆட்டுவதை விட்டால் மட்டும் மணி அடங்காது, நாக்கு தானாக இரண்டு மூன்று தட்டுத் தட்டும். மணியை மார்புப் பக்கம் இறக்கி, மற்றக் கையின் இரண்டு விரலை உள்ளே விட்டு நாக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். படி ஏறும்போதும் தின்பண்டம் வாங்கப் போகும்போதும் ஒரு துணியை உள்ளே திணித்துவிடுங்கள்.

எதிரணியின் மூன்றாம் டவுன் (நான்கு முயற்சிகளில் மூன்றாவது) வரும்போது கை துடிக்கும். எதிரணி வீரர்களுக்குக் குவார்ட்டர்பேக்கின் குரல் கேட்காமல் போனால் யாராவது முன்கூட்டியே அசைவார், 5 யார்டு தண்டனை. அதற்குத் தொண்டை இருக்கிறதே! குரலுக்கு இந்தத் தடை இல்லை. கத்துங்கள், மணியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்டேட் அணி பந்து வைத்திருக்கும்போது கத்தவும் கூடாது. சொந்தக் குவார்ட்டர்பேக்கின் சிக்னலைச் சொந்த ரசிகரே அமுக்குவதைப் போன்ற கூத்து வேறில்லை.

காது

அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி 85 டெசிபெல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லுக்கு 15 நிமிடம்தான். ஸ்டேடியம் முழுக்க மணி அடிக்கும்போது இது விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. ஃபோம் அடைப்பானை வெறுமனே காதில் சொருகினால் பயன் இல்லை. விரலில் உருட்டி மெல்லிய குச்சியாக்கி, மற்றக் கையால் காதின் மேல்பகுதியை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே விட்டு, விரிந்து நிரம்பும் வரை 20 அல்லது 30 விநாடி பிடியுங்கள். கைக்குழந்தைகளுக்கு அடைப்பான் வேண்டாம், காதுமூடிதான். முன் வரிசைக்காரரின் காதுக்கு நேராக மணி வாயை நீட்டாதீர்கள். வாய் எந்தப் பக்கமோ சத்தம் அந்தப் பக்கம் அதிகம்.

வீட்டுக்கு வந்தபின்

மழை ஆட்டம் என்றால் அன்றிரவே உள்ளே துடைத்து, வாயைக் கீழே வைத்துக் காயவிடுங்கள். துரு தகட்டை அரிக்கும். அதற்கு முன்பே ஒலியை மந்தமாக்கிவிடும். கொக்கியும் நாக்குக் கம்பியும் உரசும் இடத்தில் ஒரு துளி இலேசான எண்ணெய். சீசனில் ஓரிரு முறை அந்த உரசும் இடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் கம்பி அறுந்து நாக்கு பறக்க அதிக நாள் இல்லை, மாற்றிவிடுங்கள். வெல்டிங் ஓரத்தில் கோடு போல் துரு தெரிந்தால் அடியில் விரிசல் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு திரும்பப் பற்றவைக்க வேண்டும்.

ஸ்டேடியத்துக்குப் பை எடுத்துப் போகிறவர்கள் ஒளிபுகும் பையே எடுக்க வேண்டும், அளவு 12×6×12 அங்குலத்துக்குள். மணியைக் கையிலேயே வைத்துக்கொள்வது வரிசையில் சுலபம். இந்தச் சலுகை எல்லாம் ஸ்டார்க்விலுக்குத்தான். வெளியூர் ஆட்டத்துக்குப் போகும்போது அந்த ஸ்டேடியத்தின் விதியைப் பார்க்காமல் மணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால், வாசலில் பறிகொடுப்பீர்கள் அல்லது காரில் வைக்க ஒரு மைல் திரும்பி நடப்பீர்கள்.